செயப்பாட்டு வினை

கசுங்குவில் புகையிலை ஏலத்துக்குப் போய்விட்டது.
தகரக் கொட்டகையில் கணக்குத் தீர்க்கிறார்கள்.
ஃபலேசியின் முறை வந்ததும்
குமாஸ்தா சிக்கோபா தாளைத் தள்ளிவிட்டு
மைப்பெட்டியைத் திறந்து வைத்தான்,
பெருவிரல் வரும் என்று.

விரல் வந்தது.
மைக்கு அல்ல,
முதல் வரிக்கு.

வேகமாகப் படிப்பவர்கள்
பத்து நொடியில் தாண்டிவிடும் தாள்தான் அது.
அவளோ ஒவ்வொரு சொல்லிலும் இறங்கி நடக்கிறாள்,
மழை விட்ட வயலில்
காலைப் பதித்துப் பதித்து எடுப்பது போல.

விதை முன்பணம், கழிக்கப்பட்டது.
உரம் இரண்டு மூட்டை, கழிக்கப்பட்டது.
மண்வெட்டி ஒன்று, கழிக்கப்பட்டது.
சோளமாவு நான்கு மூட்டை, கழிக்கப்பட்டது.
இலை, மூன்றாம் தரம் என மதிப்பிடப்பட்டது.

அவள் மொழியில் அது 'இட்வா' என்று முடியும்.
என் மொழியில் 'பட்டது'.
அடி பட்டது, கடன் பட்டது, பாடு பட்டது
எல்லாவற்றுக்கும் அதே வினை.
இரண்டு மொழியிலும் செய்தவன்
வாக்கியத்துக்கு வெளியே
கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கலாம்.
பள்ளியில் இதற்குச்
செயப்பாட்டு வினை என்று பெயர் சொன்னார்கள்.
பாடு யாருடையது என்று சொல்லவில்லை.

சிக்கோபாவின் தலைக்குமேல் சுவரொட்டி ஒன்று.
வரிசையில் நின்ற முக்கால் மணி நேரமும்
அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்:
'வறுமைக்குக் காரணங்கள்.
மழையின்மை. அதிகப் பிள்ளைகள்.
சேமிக்கும் பழக்கம் இல்லாமை.'
இந்த வருடம் மழை பெய்தது.
பிள்ளை ஒன்றுதான், தியோங்கே,
அவளும் ஈர இலை பறித்து
இரவெல்லாம் வாந்தி எடுத்தவள்.
சேமிப்பதற்கு, சரி, எதை?
சுவரொட்டியை ஒட்டினாற்போல் தராசு தொங்கியது.
காரணங்களில் அது இல்லை.

அவள் எழுத்துக் கூட்டியது பள்ளிக்கூடத்தில் அல்ல.
இலை இறக்கிய வெற்றுக் கொட்டகையில்,
செவ்வாய்க்கிழமை மாலைகளில்,
இன்னும் எட்டுப் பெண்களோடு.
வீட்டில் எழுத்து இருப்பது எதுவோ
அதை எடுத்துவர வேண்டும்:
சோப்பு உறை, மண்ணெண்ணெய் டப்பா,
மருத்துவமனைச் சீட்டு,
யாரோ விட்டுப்போன தேர்தல் சட்டை.
முதல் முறை எழுத்தை வாசிப்பார்கள்.
இரண்டாம் முறை சொல்லை.
மூன்றாம் முறை வாசிக்கும்போது
யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள்,
அல்லது எழுந்து வெளியே போய்
சற்று நேரம் கழித்துத் திரும்பி வருவாள்.

ஃபலேசி கொண்டுபோனது
தியோங்கே படுத்துறங்கும் சாக்கு.
நான்கு செவ்வாய் ஆயிற்று அதை முடிக்க.

இப்போது
இடுப்புத் துணியின் மடிப்பிலிருந்து
கத்தரித்த சாக்குத் துண்டை எடுத்து
நான்காம் வரிக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.
நீல மை மங்கியிருக்கிறது.
குழந்தை உறக்கத்தில் தேய்த்த இடங்களில்
சில எழுத்துகளே இல்லை.
ஆனாலும் வாசிக்கலாம்:

சோளமாவு. வெள்ள நிவாரணம்.
நன்கொடை. விற்பனைக்கு அல்ல.

சிக்கோபா துண்டைப் பார்த்தான்.
தாளைப் பார்த்தான்.
வாசலுக்கு வெளியே நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தான்.
அவனுக்கும் சம்பளத்தில் ஏதோ கழிக்கப்படுகிறது,
அதையும் அவன் வாசித்ததில்லை.

"அமாயி, வெயில் ஏறுகிறது.
பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்."

"நிற்கட்டும்.
இன்னும் ஐந்தாம் வரி இருக்கிறது.
மதிப்பிட்டது யார்?
அந்தப் பெயரை மட்டும் எழுதிக் கொடு."

ஏற்கனவே ஒப்பமிட்டு ஒதுங்கிய லைசன் ஃபிரி
பெருவிரல் மையைக் காற்சட்டையில்
துடைத்துக்கொண்டிருந்தான்.
மை போகவில்லை.
மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து
தன் தாளை நீட்டினான், தலைகீழாக.

"என்னுடையதில்
நாலாவது வரி
என்ன சொல்கிறது?"