எண்பதுக்கு எண்பது

கடைசிக் கப்பல் போன மறுநாள்
அளவுநாடாவோடு படுக்கையறைக்குள் வந்தான் தாத்தராக்.
அகலம் எண்பது, ஆழம் எண்பது,
உயரம் நூற்றறுபது சென்டிமீட்டர்.
என் துணி அலமாரியா உன் கூடாரமா என்றேன்.
பதில் சொல்லவில்லை,
அலமாரியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளித் தாள்.
பெட்டியில் ஒரு கொக்கி குறைந்தது.
தூண்டில் முள்ளொன்றை வளைத்து மாட்டினான்.

இலைக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழம்.
குறைந்தால் கருகும், கூடினால்
வெளிறி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது.
காற்று நுழையக் கீழ் மூலையில் ஒரு வாய்,
உறிஞ்சும் விசிறி எதிர் மூலையில், உச்சியில்.
இரண்டும் ஒரே பக்கம் இருந்தால்
கூடாரத்துக்கு மூச்சு முட்டுமாம்.
பதினாறு ஆண்டாக எங்கள் சமையலறைக்கு முட்டுகிறது,
அதற்கொரு விசிறி கேட்டேன்.

நாலு தக்காளி வைக்கலாமே.
ஒன்று போதும், பிபலுக். ஒன்றை ஒழுங்காக.
ஆறாம் இலைக்கு மேல் குருத்தைக் கிள்ளினான்.
எனக்குச் சுருக்கென்றது.
இரண்டாகக் கிளைத்தது.
அந்த இரண்டையும் பக்கவாட்டில் வளைத்து
ஹாலிபட் தூண்டில் நரம்பால் தொட்டி விளிம்பில் கட்டினான்.
எல்லா இலைக்கும் வெளிச்சத்தில் பங்கு.
எங்கள் துறைமுகத்தில் எந்தப் படகுக்கும்
இத்தனை நியாயமாக மீன் பங்கு கிடைத்ததில்லை.

நான் வேலை பார்ப்பது மின்நிலையத்தில்.
கோடையில் கப்பல் கொண்டுவந்த டீசலை எரித்துத்தான்
எங்கள் வீட்டுச் சூரியன் காலை ஐந்துக்கு உதிக்கிறது,
இரவு ஒன்பதுக்கு அணைகிறது.
வெளியே உபெர்னாவிக்கில்
நவம்பரிலிருந்து ஒரு சூரியனும் இல்லை.
ஊரின் பெயருக்கு வசந்தகால இடம் என்று பொருள்.

முதலில் மினிக் வந்தான்,
நாய்களுக்குத் தீனி போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றாமல்.
ஜிப்பைத் திறந்து முகத்தை உள்ளே விட்டான்.
அடுத்த நாள் உல்ரிக்கே.
பிறகு மருத்துவமனைச் செவிலி பிர்கிட்டே.
அவள் பதினைந்து நிமிடம் நின்றாள்,
தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஈரப்பதம் போகிறது, சூடு போகிறது என்று
தாத்தராக் முணுமுணுத்தான்.
பிறகு மீன்கணக்கு நோட்டில் எழுதினான்:
முகம் நாலு. நிமிடம் முப்பத்தைந்து.

டிசம்பர் புயலில் ஏழு மணிநேரம் மின்சாரம் இல்லை.
நான் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட
அவன் தொட்டியைக் கலைமான் தோலில் சுற்றி
ஜிப்பை மூடிக் காவலிருந்தான்.
விளக்குகள் திரும்பிய நொடியில்
எனக்கு முதலில் நினைவு வந்தது மருத்துவமனை அல்ல.
இதை மேலதிகாரியிடம் சொல்லவில்லை.

பூத்தது. தேனீக்கு எங்கே போவது.
என் மின் பல்துலக்கியை எடுத்துக்
காம்பில் தொட்டான்; பூ நடுங்கி
மஞ்சள் பொடி உதிர்ந்தது.
பல்துலக்கி இன்றுவரை திரும்பவில்லை.

மார்ச்சில் பதினொரு பழம்.
மீன் தராசு இருநூறு கிராமுக்குக் கீழே அசையாது,
பதினொன்றையும் ஒன்றாகப் போட்டான்.
நானூற்றுப் பத்து.
சதுர மீட்டருக்கு அறுநூற்று நாற்பது என்று
வகுத்துப் பார்த்து
ஹாலிபட்டுக்குக் கீழே எழுதினான்,
கொஞ்சம் சிறிய எழுத்தில்.

ஜனவரிக் கடைசியிலேயே
வெளியே சூரியன் வந்துவிட்டது.
அதன்பின் ஜிப்பைத் திறக்க யாரும் வரவில்லை.
செடிக்கு அது தெரியாது,
ஐந்து மணிக்கே விழிக்கிறது.

ஆளுக்கொன்று கொடுத்தோம்.
உல்ரிக்கே தன் பழத்தைத் தின்னாமல்
சன்னல் விளிம்பில் வைத்திருக்கிறாள்.
அழுகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.