எழுபது மில்லிமீட்டர்

ஜாலான் பாசார் மாடிக்கடையில்
ஆ கியோங் கண்ணாடிமேல் இரண்டை நிறுத்திவைக்கிறார்.
ஊதா உறை ஒன்று. சாம்பல் உறை ஒன்று.
"ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம், அக்கா. குவாட்."
ஊதாவின் வயிற்றில் அந்த எண்
தங்க எழுத்தில் மினுங்குகிறது.

நான் பையிலிருந்து தராசை எடுக்கிறேன்.
பகலில் நான் விற்கும் சேலைகளின்
பார்சல் நிறுக்கிற சின்னத் தராசு.
ஊதா இருபத்தொன்பது கிராம்.
சாம்பல் நாற்பத்தொன்பது.
ஆ கியோங் மின்விசிறியைப் பார்க்கிறார்.

இந்தப் பருமனுக்குள்
மூவாயிரத்து ஐந்நூறை அடைத்தாலே பெரிது.
மீதி மணலாக இருக்கலாம், மாவாக இருக்கலாம்,
உறை அச்சடித்தவனின் ஆசையாகவும் இருக்கலாம்.

சாம்பலைக் கையில் உருட்டுகிறேன்.
உறைக்குள் ஒரு நாடா
தலையிலிருந்து கால்வரை நகக்கண்ணுக்குத் தட்டுப்படுகிறது.
அடியில் ஐந்து சென் காசளவு ஒரு தட்டு.
மின்னழுத்தம் இரண்டரைக்கு இறங்கினால்
யாரையும் கேட்காமல் கதவைச் சாத்துவது அதுதான்.
பிறகு சார்ஜரில் கிடத்தினால்தான் கண் திறக்கும்.

சர்குணனின் டார்ச்சில் அது இல்லை.
செத்த லேப்டாப்பைப் பிளந்து எடுத்தவை.
"சும்மா கெடச்சது. எரியுதா இல்லியா, அதச் சொல்லுங்க."
எரிந்தது.

புடுவுக்கு அடியில், முழங்கால் நீரில்,
பெட்டிக்கால்வாயின் கூரை விரிசல்களுக்கு
சுண்ணக்கட்டியால் எண் போட்டுக்கொண்டிருந்தோம்.
அறுபத்தேழாவது விரிசலில் அவன் வெளிச்சம்
இஞ்சித்தேநீர் நிறத்துக்கு வந்தது.
நிறுத்தலாமா என்றான்.
இன்னும் நாற்பது மீட்டர்தான், முடித்துவிடலாம் என்றேன்.
மங்கி மங்கி அது எங்களோடு வந்தது,
வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்.

மறுநாள் சார்ஜ் போட்டான்.
அதற்கடுத்த இரவு, உள்ளே இருநூறு அடியில்,
"அக்கா, சுடுது."
கையுறை போட்டுக்கோ என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.
ஒரு சீறல்.
நகப்பூச்சு வாடை, வெள்ளைப் புகை,
நீருக்குள் விழுந்த பிறகும் கொதித்த சத்தம்.

இப்போது செந்தூலில் கார் கழுவுகிறான்.
வலது கை விரியும். முழுசாக மடங்காது.
அறிக்கையில் "உபகரணக் கோளாறு" என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.
நாற்பது மீட்டரை எந்தக் கட்டத்திலும் நிரப்பவில்லை.

"பத்து ஆம்பியர் தாங்குமா இந்தத் தட்டு?"
தாங்கும் என்கிறார்.
முழு வெளிச்சம் கேட்டால் கண்சிமிட்டாதே?
சிமிட்டாது என்கிறார், கொஞ்சம் யோசித்து.

என் டார்ச்சுக்குள் சாம்பலை இறக்குகிறேன்.
வால்மூடி மரை பிடிக்கவில்லை.
டார்ச்சுக்கு அறுபத்தைந்து மில்லிமீட்டர் போதும்.
இது எழுபது.
ஒரு தட்டும் ஒரு நாடாவும் கூடிய நீளம்.

ஆ கியோங் கத்தியை எடுத்துவிட்டார்.
"தட்டப் பிச்சிரலாம் லா. ரெண்டு நிமிஷம். உள்ள இருக்கிறது நல்ல சரக்கு."

வேண்டாம்.
இதற்குப் பொருந்துகிற டார்ச்சைக் காட்டுங்கள்.

நூற்றெண்பது வெள்ளி.
மூன்று சேலை விற்ற லாபம்.
ஜோபுப் பைக்கு இன்னொரு சின்ன டார்ச்சும் வாங்கினேன்;
சொல்லாமல் அணைகிறவனை நம்பி
ஒற்றை விளக்கோடு இறங்கக் கூடாது.

இரவு, பிளாட்டின் குளியலறையில்
கதவைச் சாத்தி வைத்துச் சோதித்தேன்.
வாளி, சோப்பு, ஓடுகளுக்கிடையில் பாசி,
எல்லாம் நீதிமன்றத்தில் போல நின்றன.
ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம்.
மங்கவில்லை. மஞ்சளாகவில்லை.
பட்டென்று இருள்.

மேல்வீட்டில் யாரோ தண்ணீர் திறந்தார்கள்.
பழக்கத்தில் என் கட்டைவிரல்
பொத்தானை அழுத்தியது.
மறுபடியும் அழுத்தியது.

எரியவில்லை.