இரண்டாம் தொலைநகல் எண்

புந்தா அரேனஸில் காற்று ஆளைத் தள்ளிவிடும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
மடிக்கணினிப் பை ஒரு பக்கம் பறக்க.

அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை.
பன்னிரண்டு கணினி, பதினொரு மவுஸ்.
பில்லிங், கொள்முதல், பண்டகம், சம்பளம்:
வந்து உட்கார்ந்தார்கள், கோட்டைக் கழற்றாமல்.
என்னை வடக்கத்தியான் என்றார்கள்.
சாண்டியாகோவைத் தெற்கு என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

பயிற்சிக்கென ஒரு நோயாளியைச் செய்து வைத்திருந்தோம்.
பெயர் சோதனை. குடும்பப் பெயரும் சோதனை.
வயது தொண்ணூற்றொன்பது.
மூன்று நாளில் நாற்பது தடவை
அவருக்குக் குடல்வால் எடுத்தோம்,
நாற்பது தடவை பில் போட்டோம்,
முப்பத்தெட்டு தடவை சரியாக.
எதெல்மிரா பார்ரியா மட்டும் கேட்டாள்:
"இவரைப் பார்க்க யாருமே வரலையா?"

இருபத்தேழு வருஷம் பில்லிங் ஜன்னலில் இருந்தவள்.
அடுத்த கேள்வியும் அவளுடையதுதான்:
"குறிப்பு எங்கே எழுதணும்?"
"என்ன குறிப்பு?"

பழைய கணினியைத் திறந்து காட்டினாள்.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி.

நாலு மணிக்கு முன்னால் கூப்பிடாதே, நண்டு ஆலையில் ஷிப்ட்.
கம்பளி வெட்டு முடிந்ததும் கட்டுவான். கட்டுவான்.
தீவிலிருந்து வருகிறார், படகு நின்ற நாளுக்கு அபராதம் வேண்டாம்.
அக்கா தங்கை இருவருக்கும் ஒரே பெயர், பில் மாறும், இரண்டு முறை பார்.
கணவன் எடுத்தால் தவறான எண் என்று சொல்லி வைத்துவிடு.

"அதுக்குக் கட்டம் இல்லை" என்றேன்.

அன்றிரவே தலைமையகத்துக்கு எழுதினேன்.
வரையறையற்ற தகவல் நான்காம் பதிப்பிலேயே நீக்கப்பட்டது,
தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று பதில்.
எந்தக் கட்டத்தில் பதிந்தார்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை எல்லாரும் சமர்த்தாகிவிட்டார்கள்.
பண்டகத்து குஸ்தோதியோ ஓயார்சுன்
தேர்வில் தொண்ணூற்றெட்டு.
சம்பளப் பிரிவு நெவென்கா
மாத்தே குடுவையை என் பக்கம் நீட்டினாள்,
நான்கு நாளில் முதல் தடவையாக.
என் கற்பித்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

மதிய உணவுக்குப் போனவன் சார்ஜரை எடுக்கத் திரும்பினேன்.
கோட்டுகள் நாற்காலி முதுகில்.
பதினொரு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஆளுக்கு இரண்டு எழுத்து, அகரவரிசையில் பங்கு பிரித்து,
மவுஸ் இல்லாத பன்னிரண்டாவதில்
துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர், ஒற்றை விரலால்.

யாரும் நிரப்பாத ஒரு கட்டம் உண்டு எங்கள் திட்டத்தில்:
இரண்டாம் தொலைநகல் எண்.
இலக்கம் மட்டும் ஏற்கும்படி அதைப் பூட்ட
யாரோ மறந்திருந்தார்கள். நானாகக்கூட இருக்கலாம்.
இருநூற்று நாற்பது எழுத்து கொள்ளும்.
கணவன் எடுத்தால் என்று தொடங்கியிருந்தாள் எதெல்மிரா.
நிமிர்ந்து பார்த்தாள்.
சார்ஜரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை.
புதிய முறையை ஏற்றவர்கள்: நூறு சதவீதம்.
விதிமீறல்: இல்லை.

விமானத்துக்கு இரண்டு மணி நேரமிருந்தது.
சோதனைத் தரவை அழித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.
சோதனை சோதனையின் பக்கத்தைத் திறந்தேன்.
இரண்டாம் தொலைநகல் எண்:
சொந்தம் யாருமில்லை. காது மந்தம், சத்தமாகப் பேசவும்.

அழிக்கவில்லை. வேறென்ன சொல்ல.

ஏப்ரலில் ஐந்தாம் பதிப்பு வருகிறது.
பயன்படாத கட்டங்களை நீக்கப் போகிறார்களாம்.
பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்கு.
நேற்று தொலைநகல் வரைக்கும் வந்தேன்.
முதல் எண்ணைச் சேர்த்தேன்.