எரிய மறுத்த லோடு

மானுகா விறகு என்று சொல்லித்தான் விற்றான்
கால்வின் ஸ்கட்.
மே மாதக் கடைசி. ஓஹுராவில் முதல் உறைபனி.
பால் லாரியை நிறுத்திவிட்டு
விடிகாலை மூன்று மணிக்கு வந்தால்
வாசலில் ஆளுயரக் குவியல்.

அடுப்பில் நாலு கட்டை வைத்தேன், அடியில் பழைய செய்தித்தாள்.
தாள் எரிந்தது.
சுள்ளி எரிந்தது.
கட்டை மட்டும்
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப்போல
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.
ஓரத்தில் உஸ்ஸென்று நுரை தள்ளியது,
கறுத்தது, அவ்வளவுதான்.
மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
மண்ணெண்ணெய் எரிந்தது.

ஒரு வாரம் கோட்டோடு தூங்கினேன்.
கால்வினுக்கு அனுப்பிய செய்தியை
இங்கே எழுத முடியாது.
எட்டாம் நாள் கோடரியை எடுத்தது விறகுக்காக அல்ல,
எதையாவது வெட்டவேண்டும் போலிருந்தது.

நடுவிலிருந்து பட்டைவரை
ஆரம் பிடித்தாற்போல் பிளந்து விழுந்தது ஒரு கட்டை.
டார்ச் வெளிச்சத்தில்
முதலில் ஈரம் என்று நினைத்தேன்.
சட்டைக் கையால் துடைத்தேன். போகவில்லை.
செம்பழுப்பில் செதில் செதிலாய்
ஆழமில்லாத தண்ணீரில் மீன் புரள்கிறது.
கட்டையைச் சாய்த்தேன்:
மின்னியதெல்லாம் இருண்டது,
இருண்டதெல்லாம் மின்னியது,
புறாக் கழுத்துப்போல.

ரேவரேவா.
வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஐந்து நிற்கின்றன.
நவம்பரில் துரு நிறத்தில் சுருண்டு சுருண்டு பூக்கும்.
தேனுக்கு டூயிப் பறவைகள் அடித்துக்கொள்ளும்.
வெடித்த காய் அச்சு அசல் ஓடம்,
முனையில் ஒரு மூக்குகூட உண்டு.
என் மகள் அதில் எறும்புகளை ஏற்றி
மாட்டுத் தொட்டியில் கடல்பயணம் அனுப்புவாள்.
நாற்பத்தோரு வருஷம் வெளியே பார்த்திருக்கிறேன்.
உள்ளே பார்த்ததில்லை.

கால்வின் வந்தான்,
மன்னிப்புக் கேட்க அல்ல.
வாங்கனுயில் படச்சட்டம் செய்கிற ஒருத்தி
இந்த மரத்துக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறாள்.
"தப்பான லோடு வந்துருச்சு, மெரெபெக்கா.
திருப்பி எடுத்துக்கிறேன்."
"இதுவா? நல்லா எரியுதே," என்றேன்.
அவன் என் புகைபோக்கியைப் பார்த்தான்.
நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.
புகைபோக்கிக்கு மேலே சுத்தமான ஆகாயம்.

அரைமணி நேரப் பேரம்.
நிஜ மானுகா இரண்டு லோடு,
அவன் கொட்டகையில் அறுக்காமல் கிடந்த அடிமரத்தில்
ஒன்பதடி எனக்கு.

மில்லில் வாகு பார்த்து அறுக்கச் சொன்னேன்.
வாள் கொஞ்சம் திசை மாறினால்
மீன் போய்விடும், வெறும் கோடு மிஞ்சும்.
அவசரமாய் உலர்த்தினால் முறுக்கிக்கொள்ளும்.
இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, மேலே கல் ஏற்றி
இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன்.
அப்படியும் ஆறு பலகையில் இரண்டு
எதற்கும் உதவாத வளைவு.
இழைப்புளிக்கு முன்னால் ஒரு முகம்,
பின்னால் ஒரு முகம்.
எண்ணெய்த் துணி ஒருமுறை போய்வந்ததும்
மகள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

இப்போது அது அடுப்புக்கு மேலே பலகைத்தட்டு.
கீழே மானுகா சடசடவென்று உயிரை விடுகிறது.
மேலே இது
கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்க்கிறது.
மேலே வைத்த பென்சில் மட்டும்
தானாய் இடதுபக்கம் உருண்டு விழும்.

இத்தனை வீம்பு பிடித்த மரமாயிற்றே என்று
மிச்சத்தில் ஒரு துண்டை
கேட்டுக்குத் தூணாய் மண்ணில் நட்டேன்.
மூன்றாவது மழைக்காலம்,
கன்றுக்குட்டி முதுகைத் தேய்த்தது.
தூண், கேட், கன்று மூன்றும் ரோட்டில்.
ஒடிந்த இடத்தில் விரலை வைத்தேன்,
ஊறிய ரொட்டிபோல் உள்ளே போயிற்று.
நெருப்புக்கு அசையாதது
தூறலுக்குத் தலை சாய்த்திருக்கிறது.

கால்வின் வண்டியை நிறுத்தி இறங்கினான்,
கன்றைப் பிடித்துக் கொடுத்தான்.
"ரேவரேவாவைப் போய் யாராவது மண்ணில் நடுவாங்களா?"
"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"
"நான் என்ன கண்டேன்?
நல்லா எரியுதுன்னுல்ல சொன்னே."