இருப்புக் கணக்கு

தணிக்கைக்காரர் வந்தது ஒரு புதன்கிழமை.
பெயர் ஹொன்னப்பா. ஹொன்னு என்றால் கன்னடத்தில் பொன்.
கையோடு தராசு கொண்டுவந்திருந்தார்.
பதிவேட்டில் பதினோராம் வரி:
தங்க உப்பு, ஒரு கிராம் குப்பி, மூன்று.
"காட்டுங்கள்."

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
பானக நிறத்தில் கொஞ்சம் தண்ணீர்.
"தங்கம் மஞ்சளாக அல்லவா இருக்கும்?"
மஞ்சளாகத்தான் இருந்தது சார்.
பிறகு நிறமே இல்லாமல் போனது.
பிறகு ராத்திரி முழுக்க
இருபத்தெட்டு டிகிரித் தொட்டியில் கிடந்து
இப்படி.
அளவு சிறுத்தால் தங்கத்துக்குத் தன் நிறம் மறந்துபோகும்.
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.
"எடை?" என்றார்.

ஜக்கூரில் டிசம்பர் என்றால்
சோப்புக் கரைசல் குப்பிக்குள் ஊசி ஊசியாய் உறையும்.
உறைந்தால் கோல்கள் வளராது,
உருண்டைகள்தான் வரும்;
உருண்டைகளுக்கு எங்கள் விளக்கின் பாஷை தெரியாது.
அதனால் ஸ்வெட்டருக்குள் கக்கத்தில் இடுக்கி
உருக்கியிருக்கிறேன் விடியற்காலைகளில்.
காவலாளி பார்த்துவிட்டு
"ஜ்வரவா மேடம்?" என்றார்.

பதினேழாம் எண் எலி.
இடக்காதில் ஒரு வெட்டு, வலக்காதில் இரண்டு.
விலாவில் பட்டாணியளவு கட்டி.
கட்டியின் ரத்தக் குழாய்கள்
தணிசந்திராவில் அவசரமாய்ப் போட்ட தண்ணீர்க் குழாய்கள் மாதிரி
எல்லா மூட்டிலும் ஒழுகும்.
அந்த ஒழுக்கை நம்பித்தான் எங்கள் ஐந்து வருட நிதி.

வால் நரம்பில் ஊசி. ஒருநாள் காத்திருப்பு.
பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஐந்து நிமிடம்.
திரையில் உடம்பு முழுக்க நீலம்,
கட்டி மட்டும் மஞ்சளாகி, சிவப்பாகி, வெளுத்து
நாற்பத்தொன்று
நாற்பத்தாறு
ஐம்பத்திரண்டு.
மயக்கத்தில் மீசை ஒரு தரம் அசைந்தது.

பதினெட்டுக்கு வெறும் உப்புநீர்.
அதே ஒளி, அதே ஐந்து நிமிடம்.
முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை.
தாண்டாமல் இருப்பதுதான் அதன் வேலை.
ருத்ரேஷ் அதன் கூண்டில் மட்டும்
ஒரு சூரியகாந்தி விதை கூடுதலாய் வைப்பார்.
கூடாது என்று விதியில் இருக்கிறது.
நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதினேழுக்குப் பொருக்கு உதிர்ந்தது.
முப்பதாம் நாள் அந்த இடத்தில் ரோமம்.
பதினெட்டு அதற்குள் போய்விட்டிருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் பதினேழையும் முடித்தோம்.
ஆரோக்கியமாக இருந்தது. அதனால்தான்.
தங்கம் எங்கே போனதென்று தெரிய வேண்டுமே,
உங்களுக்கு மட்டுமில்லை சார், எங்களுக்கும்.
ஊசி போட்ட மறுநாளே முடித்த பத்தொன்பதில்
கட்டிக்குப் போயிருந்தது நூற்றில் நான்கு பங்கு.
அந்த நான்கு போதும், எரித்துவிட்டது.
மீதி?
பதினேழின் கல்லீரலை ராஜத் திராவகத்தில் கரைத்துப் பார்த்தோம்.
ஒரு மாதம் கழித்தும்
பாதிக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தது,
வாடகை பாக்கி வைத்தவனைப் போல.
எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.
எலிக்கு ஒன்றும் ஆகாத முப்பது நாள்
மனிதனுக்கு எத்தனை வருடம் என்று
எங்களுக்கு இன்னும் தெரியாது.

ஹொன்னப்பா பேனாவை மூடினார். திறந்தார்.
"கல்லீரலில் இருப்பதை
இருப்பு என்று எழுதுவதா, செலவு என்றா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.
இந்த ஐந்து வருடத்தில்
ஆய்வரங்கத்தில்கூட இப்படி யாரும் கேட்டதில்லை.
தெரியாது சார் என்றேன்.
பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு
பென்சில் இருக்கிறதா என்றார்.

அவர் போன பிறகு
நான்காவது குப்பிக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.
'தேவைக்கான காரணம்' என்ற கட்டம்
தீப்பெட்டியளவு.