அமீனா வீட்டுக்கு வந்தது

ஐப்பசி மழை விட்ட விடியலில்
துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்
இன்னொரு கல் கிடந்தது.
பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன்.
அந்தக் கல் கழுத்தை நீட்டி
என்னைப் பார்த்தது.

காராமை. சாப்பாட்டுத் தட்டு அகலம்.
புத்தாறு தளும்பி, வடிகால் வழிந்து,
தட்டிவேலிக்கு அடியில் புகுந்திருக்க வேண்டும்.
ஓட்டின் ஓரத்தில் ஒரு பழைய விரிசல்,
டிராக்டர் ஏறியதோ என்னவோ,
யாரையும் கேட்காமல் தானே கூடியிருந்தது.

மாடியிலிருந்து வீட்டுக்கார அபிராமசுந்தரி
எட்டிப் பார்த்து,
"ஆமை புகுந்த வீடும்..." என்று ஆரம்பித்தாள்.
நிறுத்திக்கொண்டாள்.
பழமொழியின் மீதிப் பாதி
வாயில் பேஸ்ட் நுரையோடு கீழே நின்றிருந்தது:
தையல்நாயகி, நன்னிலம் கோர்ட்டு அமீனா,
மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தவள்.

அதற்குள் வேலிக்கு வெளியே ஆள் சேர்ந்துவிட்டது.
மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடச் சொன்னார்கள்.
கிணற்றில் போட்டால் தண்ணீர் தெளியும் என்றார்
பால்காரர் சௌரிராஜன்.
ஏழே காலுக்கு நாகூர் பஸ் இருக்கிறது,
கடலில் விட்டால் புண்ணியம் என்றார் ஜெகபர் சாதிக்.
ஆற்று ஆமைக்குக் கடலில் என்ன வேலை பாய் என்றேன்.
மூலத்துக்கு நல்ல மருந்து என்றது
முகம் காட்டாத ஒரு குரல்.
அந்தக் குரலை மட்டும்
சம்மன் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கத் தோன்றியது.

வனத்துறைக்குப் போன் போட்டேன்.
தூக்கக் கலக்கத்தில் ஒருவர்.
"அடிபட்டிருக்கா?"
இல்லை.
"நாய்?"
மாடியில் ஒன்று.
"கட்டிப் போடுங்க. தூக்காதீங்க, சோறு வைக்காதீங்க.
தலை எந்தப் பக்கம் இருக்கோ
அந்தப் பக்கம்தான்மா அதுக்கு வேலை."
வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
இத்தனை சுருக்கமான உத்தரவை
நான் கையில் வாங்கியதில்லை.

தலை வாழைக்கன்றுகளின் பக்கம் இருந்தது.
போனது.
போனது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்,
எட்டடிக்கு இருபது நிமிஷம்.
பிறகு திரும்பி நின்று
பின்னங்கால்களால் மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.
ஒரு கால், மறு கால்.
அவசரமென்றால் என்னவென்றே தெரியாத கால்கள்.

என் பையில் ஒரு வாரண்ட்.
பத்து மணிக்குப் பூந்தோட்டத்தில்
ஒரு வீட்டைக் காலி செய்து சாவி வாங்க வேண்டும்.
போன வாரம் அந்தக் கதவில் நோட்டீஸ் ஒட்டியபோது
பசைக்குத் தண்ணீர் வேணுமா என்று கேட்டவர்,
மரியசெபஸ்தி.
அந்தத் தண்ணீரை வாங்கி
ஒட்டிவிட்டு வந்தவள் நான்.

முதல் முட்டை விழுந்தது.
நீளவாக்கில், சுண்ணாம்பு வெள்ளை.
இரண்டு காக்கைகள் முருங்கைக்கு வந்தன.
வாரண்ட் ஃபைலை வீசி விரட்டினேன்.
நாலோ ஐந்தோ, சரியாகத் தெரியவில்லை.
எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.
மண்ணை இழுத்து மூடி
அடிவயிற்றால் அழுத்தி அழுத்தித் தட்டி,
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்
வந்த வேலிக்கே போய்
வடிகாலில் இறங்கிவிட்டது.

ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து
மேலே செங்கல் வைத்தேன்.
குஞ்சு வெளிவரும் முன்
எடுத்துவிட வேண்டும், மறக்கக் கூடாது.
"எத்தனை மாசமாகும்?" என்றாள் அபிராமசுந்தரி.
நாலைந்து ஆகலாம்.
"வாடகையும் கேட்க முடியாது," என்றாள்.
சிரிக்கவில்லை.
ஆனால் நாய்ச்சங்கிலியைக்
கம்பியில் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான்
உள்ளே போனாள்.

பூந்தோட்டம் போனபோது பத்தே முக்கால்.
கட்டில், ஜாடி, தையல் மெஷின்
எல்லாம் வாசலில் மழைக்குப் பயந்து
தார்ப்பாயின் கீழ் இருந்தன.
நடுவில் ஒரு நாற்காலியில் மரியசெபஸ்தி.
அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று
நின்று பார்த்தேன்.
பிறகுதான் பையைத் திறந்தேன்.