சேதாரம்

மோதிரம் கழற்றச் சொன்னான் ஜெயசீலன்.
அரைஞாண் வெள்ளி என்றேன். அதையும்.
இருபத்தொரு வருஷம்
பேங்கில் அடுத்தவர் நகையை எடைபோட்டவன்
பொட்டு உலோகம் இல்லாமல்
பச்சை அங்கியில்
செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டர் குளிரில் நின்றேன்.

"சத்தமா இருக்கும் சார், பயப்படாதீங்க."

பயமா?
குழாய்க்குள் விழுந்த இடியில்
எனக்கொரு நிம்மதி இருந்தது.
இந்தச் சத்தம்
ஜெயசீலனுக்கும் கேட்கிறது.

படங்கள் இரண்டு.
ஒன்று முப்பத்திரண்டு வயதில் மதுரையில் எடுத்தது,
லாக்கருக்குள் இருந்து யாரோ
என் பெயரைத் தவணை தவணையாய்க் கூப்பிட்ட வருஷம்.
இன்னொன்று இன்றைக்கு.
டாக்டர் நஜீமா இரண்டையும்
வெளிச்சப் பலகையில் அருகருகே செருகினார்.
நடுவே கருப்பாய் நீர் தேங்கிய இடம்
அப்போதைக்கு இப்போது
கொஞ்சம் அகன்றிருக்கிறது.
எங்கள் பக்கம் ஊருணி அகன்றால் நல்ல செய்தி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"கரை ஒதுங்கினதால அகன்றது, நாகலிங்கம்."
ஓரத்து மடிப்புகள் மெலிந்திருக்கின்றன.
ஆழத்தில் ஒரு முடிச்சு மட்டும்
முன்னைவிடப் பருத்திருக்கிறது.
பழைய மாத்திரைகள் அப்படிச் செய்வதுண்டாம்.

மெலிந்தது எதனால்?

"நோயும் தேய்க்கும். மாத்திரையும் தேய்க்கலாம்.
உங்க சர்க்கரை, உங்க சிகரெட்,
நடுவில் போன பதினாலு வருஷம்.
பிரிச்சுச் சொல்ல இந்தப் படத்துக்கு வாயில்லை."

எனக்குக் கவுண்டருக்கு அந்தப் பக்கத்து முகங்கள் வந்தன.
நகை மீட்கும் நாளில்
அரைக்கால் கிராம் குறையுதே என்று
தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் முகங்கள்.
கழுத்து வேர்வை தின்றதா,
கொக்கி தேய்ந்ததா,
நான் உரைகல்லில் இழுத்த கோடா?
இழுக்காமல் மாற்றுத் தெரியாதம்மா என்பேன்.
இன்று அந்தப் பக்கம் நான்.
மண்டைக்குள் குறைந்துபோன ஒரு தேக்கரண்டியை
யார் பெயரில் பற்று எழுத?

ஒருமுறை நானே கணக்கை முடித்தவன்தான்.
பதினோரு நாள்
மாத்திரையை வாஷ்பேசினில் கரைத்தேன்.
முதல் நாலு நாள்
சாம்பாரில் பெருங்காயம் தனியாக மணத்தது.
ரேடியோ தபேலா விரலுக்கு வந்தது.
ஐந்தாம் நாளிலிருந்து எனக்கு நினைவில்லை.
பன்னிரண்டாம் நாள் விடியலில்
கோட்டையூர் ஊருணிக் கடைசிப் படியில்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
மீன்களுக்குக் கடன் பத்திரம் வாசித்தேனாம்.
இழுத்து வந்தவள் மங்கையர்க்கரசி.
அவள் வலது தோளில் அந்தச் சுளுக்கு இன்னும் இருக்கிறது.
அது எந்தப் படத்திலும் விழாது.

"கால் பங்கு குறைச்சுப் பார்ப்போம்,
மெதுவா. நீங்களா நிறுத்தக் கூடாது."
மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

பஸ்ஸில் அந்தப் பெரிய கவரை
மடக்கவும் முடியவில்லை, மடியில் வைக்கவும் முடியவில்லை.
பக்கத்து சீட்டுக்காரர்
எலும்பு முறிவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் மங்கை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
இதுல கோபம் எங்கருக்கு?
தெரியாது.
நான்?
பருத்திருக்கும் முடிச்சைத் தொட்டுக் காட்டினேன்.
பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.
கவரை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிட்டு
தோசை ஊற்றப் போனாள்.

ஒன்பதரை மணி.
பிளேடால் கால் துண்டு நறுக்கினேன்.
முழு மாத்திரையை ஒருநாள்
பேங்க் தராசில் திருட்டுத்தனமாய்ப் போட்டிருக்கிறேன்,
பதிமூன்று பாயிண்ட்.
முக்காலை விழுங்கினேன்.
தட்டில் சிதறிய வெள்ளைத் தூளை
விரல் நுனியால் ஒற்றி எடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூளைக் கீழே விட்டுப் பழக்கமில்லை.